ஈரம் அறுபத்திரண்டு

நெடுங்கொல்லையில் ஒன்பதாம் துளை பேச ஆரம்பித்த அன்று, அதற்குள் வெற்றிலை எச்சிலைத் துப்பலாம் என்று குனிந்தவன் தனகோட்டி. அதனால் முதல் மதிப்பீடு அவனுக்குத்தான் கிடைத்தது. எது சும்மா கிடைத்தாலும் முதல் ஆளாகக் கை நீட்டுகிறவன் அவன் என்பதால் ஊர் அதற்காக வியக்கவில்லை. "ஈரம் பதினெட்டு. சாம்பல் நாற்பத்தொன்று. வெப்பம் சொல்லும்படி இல்லை" என்று, வானொலியில் காய்கறி விலை வாசிக்கிற குரலில், பூமிக்குள்ளிருந்து துளை சொன்னது. தனகோட்டி எச்சிலை விழுங்கிவிட்டு நிமிர்ந்தான். துளை எப்படிப் பேசும் என்று அவன் கேட்கவில்லை, அங்கே நின்றிருந்த வேறு யாரும் கேட்கவில்லை. நாற்பத்தொன்று என்பது நல்லதா கெட்டதா, ஊர்த்தலைவர் கலியமூர்த்திக்கு வரப்போவதைவிட அது ஒசத்தியா மட்டமா, அது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நெடுங்கொல்லை முந்திரிக்காட்டு ஊர். செம்மண், முந்திரி, மேலே வெயில், இவற்றை விட்டால் அங்கே வேறொன்றும் விளைந்ததில்லை; பொறாமை மட்டும் வருஷத்துக்கு மூன்று போகம் விளையும். அந்த மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்றும், அது எவ்வளவு கிடக்கிறது, எந்தத் தரத்தில் கிடக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு முகாம் வந்து ஏரிக்கரையில் கூடாரம் அடித்தது. எந்திரம் தரைக்குள் இரும்புக் குழாயை இறக்கும், ஆழத்திலிருந்து உருளை உருளையாக மண்ணும் கரியும் ஏறிவரும், அதில் கொஞ்சம் கிள்ளியெடுத்துக் காயவைத்து எரித்து, ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். துளைகள் நெருக்கமாக விழுந்த இடத்துக் கரிக்கு 'நிரூபிக்கப்பட்டது' என்று பெயர். துளைகள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தால் 'குறிக்கப்பட்டது'. துளையே போடாமல், அங்கேயும் இருக்கலாம் என்று வரைபடத்தைப் பார்த்து நினைத்துக்கொண்டால் அது 'ஊகிக்கப்பட்டது'. முகாமின் அதிகாரி பரணிதரனுக்குத் தன்னைத் தவிர மற்ற மனிதர்கள் எல்லோருமே அந்த மூன்றாவது வகைதான். எதிரே நின்று பேசுகிறவரைக்கூட அப்படி ஒருவர் இருக்கலாம் என்கிற அளவில்தான் பார்ப்பார்.

ஊர் திரண்டு போய் அவரிடம் நாற்பத்தொன்றுக்கு விளக்கம் கேட்டபோது அவர் கூடார வாசலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துளை பேசியதைக் கேட்டு அவர் அதிரவில்லை. பேசுகிற துளையைப் பதிவதற்கு அவர் பதிவேட்டில் இடம் இல்லை. பதிய இடமில்லாதது நடக்கவில்லை என்பது அவர் கட்சி. ஊறுகாயை நக்கிக்கொண்டே, சாம்பல் கம்மியாக இருக்க வேண்டும், வெப்பம் நிறைய இருக்க வேண்டும் என்றார். அப்புறம் அந்த ஊரையே கெடுத்த வாக்கியத்தைச் சொன்னார்.

"எல்லாத்தவிட மோசம் ஈரம்தான். ஈரம் இருந்தா தரம் கம்மி. ஈரம் போனா தரம் ஏறும். இது தெரியாமலா இத்தனை நாள் குடும்பம் நடத்துறீங்க?"

கரியைச் சொன்னாரா, ஆட்களைச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிற அளவுக்கு அவர் அந்த ஊரை மதிக்கவில்லை. ஆனால் 'மதிப்பீடு' என்ற சொல்லை ஊர் 'மதிப்பு' என்று கேட்டது. அந்த ஊரை ஒருவரும் எதற்கும் மதித்ததில்லை, பேருந்துகூட நின்றாற்போல் நின்றுவிட்டு ஓடிவிடும். இப்போது தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து கடைசி மதிப்பீட்டைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள், ஊருக்கே ஒரு சராசரி சொல்வார்கள் என்றதும், அதுவரை சும்மா கிடந்த சனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சூடு சொரணையைக் கூட்டிக்கொள்வது நெடுங்கொல்லைக்கு ஆகிற காரியம் இல்லை, அதை ஊரே ஒப்புக்கொண்டது. சாம்பலைக் குறைக்க வழி தெரியாமல் நெற்றியில் திருநீறு இடுவதை நிறுத்திப் பார்த்தார்கள், ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. மிஞ்சியது ஈரம். அதைக் குறைப்பது ரொம்பச் சுலபமாக இருந்தது. எதையும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, செய்துகொண்டிருந்த ஒன்றிரண்டை நிறுத்தினால் போதும்.

முதலில் பேருந்து நிறுத்தத்துத் தண்ணீர்ப்பந்தலைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செம்பை நீட்டுகிற வழக்கம் போயிற்று. தண்ணி கேட்டு வாசலில் நின்றவனிடம் தலைவர் கலியமூர்த்தியின் பெண்சாதி, எங்க வீட்டுல ஒம்பதுக்கு மேல ஈரம் கெடையாது தெரியுமா என்று பெருமையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். தையற்காரர் ஏகாம்பரம் செத்த வீட்டில் அவர் சம்சாரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்க, துக்கத்துக்குப் போனவர்கள் அவள் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டு வந்தார்கள். முன்னெல்லாம் குழாயடிச் சண்டையில், நெஞ்சில் ஈரமில்லாத பாவி என்று ஒருத்தி ஒருத்தியைச் சொல்லிவிட்டால் ரெண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கும். இப்போது பெண் பார்க்கப் போகிற தரகர் அதையே முதலில் எடுத்துவிட்டார், மாப்பிள்ளை நெஞ்சில் பொட்டு ஈரம் கிடையாது, பரம்பரையாகவே காய்ந்த குடும்பம் என்று. பெண்வீட்டார் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் ஆனால் ஒன்பதாம் துளைக்கு முன்னால் கூட்டம் நிற்கும். ஒவ்வொருவராகக் குனிவார்கள், துளை சலிக்காமல் வாசிக்கும். பதினொன்று, எட்டு, ஆறு என்று ஆளாளுக்கு இறங்கிக்கொண்டே வந்தார்கள். இறங்காதவர்கள் பகலெல்லாம் முந்திரிக்கொட்டை காயப்போடும் களத்தில் கொட்டைகளோடு கொட்டையாகப் படுத்துப் புரண்டார்கள், பொட்டுக்கடலையும் வறுத்த பயறும் தின்றார்கள், ஆத்தா அப்பன் நினைப்பு வந்தால் எழுந்து போய் வேறு யாரையாவது திட்டிவிட்டு வந்து படுத்தார்கள். தனகோட்டி நாலுக்கு வந்துவிட்டான். அவனுக்கு அது கஷ்டமாகவே இல்லை என்று எல்லோரும் பொருமினார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக் காறித் துப்பிக்கொண்டிருந்தவள் ஊரில் ஒருத்திதான். தனகோட்டியின் அண்ணன் பெண்சாதி அஞ்சலாட்சி.

அஞ்சலாட்சியின் வாய் பேர்போன வாய். அவள் வாயில் விழுந்து எழாத ஆள் நெடுங்கொல்லையில் கிடையாது. அவளைக் கண்டால் கடன் கேட்க வருகிறவனும் திரும்பிப் போவான், சாமியாடிக்கும் அவள் எதிரில் சாமி வராது. புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த அன்றுகூட, பார்க்காமல் ரோட்டைத் தாண்டியதற்காக அவனைத் திட்டிக்கொண்டேதான் எடுத்துப்போட்டாள் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். கல்நெஞ்சுக்காரி என்ற பேர் அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது. அவளுக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது. தனியாக இருக்கிற பொம்பளைக்கு அதைவிட நல்ல கதவும் தாழ்ப்பாளும் வேறு இல்லை என்று அவள் தெரிந்து வைத்திருந்தாள்.

அவளோடு அந்த வீட்டில் இருந்தது மாமனார் வைத்திலிங்கம். வாதத்தில் இடப்பக்கம் விழுந்து, பேச்சுக் குழறி, கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறவர். பெற்ற மகன் தனகோட்டி எதிர்வீட்டில் இருந்தும் எட்டிப் பார்ப்பதில்லை. அஞ்சலாட்சிதான் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சியை வடித்து ஊட்டுவாள். ஊட்டும்போதெல்லாம், இன்னும் எத்தனை மூட்டை அரிசி தின்னுட்டுப் போவதாக உத்தேசம் என்று கேட்பாள். அவர் வலது பக்க உதட்டால் மட்டும் சிரிப்பார். தெருவுக்கே அவள் திட்டு கேட்கும். ஊட்டுகிற கை கேட்காது.

துளைக்குப் போக அவள் மறுத்தாள். ஓட்டையில் தலையை விட்டு மார்க்கு வாங்குகிற ஊரை அவள் எந்த ஜில்லாவிலும் பார்த்ததில்லை என்றாள். தரம் உயர்ந்தால் முகாம்காரன் என்ன செய்வான், ஊரோடு தோண்டிக்கொண்டு போவான், அதற்குத்தான் இந்தப் பாடா என்று கேட்டாள். யார் காதிலும் ஏறவில்லை. பாக்கியில்லாமல் எல்லோரும் குனிந்தாக வேண்டும், சராசரி அப்போதுதான் வரும் என்று தலைவர் தண்டோரா போட்டபின், சரி, இந்த மூஞ்சிகள் நாறட்டும், எனக்குப் பூஜ்யம் வருவதைக் கேட்டுவிட்டு வாயை மூடட்டும் என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அதில் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை. கூட்டத்துக்கும் இல்லை. அவளைவிடக் காய்ந்தவள் யார் என்று வழிவிட்டார்கள்.

அவள் குனிந்தாள். துளை, அதுவரை யாருக்கும் எடுத்துக்கொள்ளாத நேரத்தை எடுத்துக்கொண்டு, பிறகு வாசித்தது.

"ஈரம் அறுபத்திரண்டு."

சாம்பல் மூன்று என்றும் வெப்பம் அளவுக்கு மேல் என்றும் அது தொடர்ந்து சொன்னதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. தலைவர் சிரித்தார், தரகர் சிரித்தார், செத்த தையற்காரரின் சம்சாரம்கூடச் சிரித்தாள். தனகோட்டி மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பக்கமாகக் கைகழுவ வந்த பரணிதரன் எண்ணைக் கேட்டுவிட்டு, அத்தனை ஈரம் இருந்தால் அதைக் கரி என்று சொல்ல மாட்டோம், சேறு என்போம் என்றார். அஞ்சலாட்சிக்கு நடுத்தெருவில் சேலை அவிழ்ந்தது போலிருந்தது. இத்தனை வருஷம் வாயை வைத்து மூடி மூடி வைத்திருந்ததை ஒரு ஓட்டை எடுத்துப் போட்டு உடைத்துவிட்டது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அன்றுமுதல் அவளுக்கு 'சேறு' என்று பேர். அவள் திட்டினால் யாரும் பயப்படுவதில்லை. போடி ஈரக்கட்டை என்று சின்னப்பிள்ளைகள் சொல்லிவிட்டு ஓடின. திட்டுக்கு மதிப்பில்லாமல் போனபின் ஒருத்தி எதை வைத்துப் பிழைப்பாள்? அவளும் காய்ந்துதான் பார்ப்போம் என்று ஒருநாள் காலையில் மாமனாருக்குக் கஞ்சி கொடுக்காமல், தண்ணீர் கொடுக்காமல், கதவைச் சாத்திவிட்டுப் போய்க் களத்தில் உட்கார்ந்தாள். சூரியன் உச்சிக்கு ஏறுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கிழவன் வாய் உலர்ந்து கிடக்குமே என்ற நினைப்பு ஒரு ஈயைப்போல வந்து வந்து உட்கார்ந்தது. கடைசியில் எழுந்து, அந்தக் கிழவனை, அவனைப் பெற்றவளை, தன்னை இந்த ஊரில் கட்டிக்கொடுத்த தன் அப்பனை, எல்லோரையும் உரக்கத் திட்டிக்கொண்டே ஓட்டமாக ஓடி, சொம்பை எடுத்து அவர் வாயில் வைத்தாள். மடக் மடக்கென்று அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலம் தலைவரின் ஆட்கள் வற்புறுத்திக் குனிய வைத்ததில், துளை அவளுக்கு அறுபத்தைந்து என்றது.

கடைசி மதிப்பீட்டுக்கு நாள் குறித்தாயிற்று. பால்குடிப் பிள்ளைகள் ஈரமே உருவானவை என்பதால் அவற்றைத் தாய்மார்கள் பக்கத்து ஊர்ச் சொந்தங்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். பால் கட்டிக்கொண்டு வலித்ததை வெளியே சொல்லவில்லை. மீதி ஊர் முழுக்கக் காய்ந்துவிட்டது. நடந்தால் காய்ந்த கருக்குமட்டை உரசுகிற சத்தம் வந்தது. யார் வாயிலும் எச்சில் ஊறவில்லை. தனகோட்டி வெற்றிலையைப் போட்டு மென்று மென்று தூளாக ஊதினான். ஒரே ஒரு ஆள்தான் சராசரிக்குக் கேடு என்று தலைவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். ஊர் அஞ்சலாட்சியின் வாசலில் கூடியது. பேசும் பொறுப்பைத் தனகோட்டி எடுத்துக்கொண்டான்.

"இந்தா பாரு அண்ணி, ஒனக்கு ஈரம் வர்றது எங்கப்பனாலதான். அவர கொண்டுபோயி டவுன் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுக்க வச்சிட்டு, திரும்பிப் பாக்காம பஸ் ஏறிடு. ஊருல எத்தன பேரு செஞ்சிருக்காங்க. ரெண்டு நாளுல நீயும் எங்கள மாதிரி ஆயிடுவ."

முடியாதென்றால் இருவரும் ஊர் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும், வீட்டுச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்றும் அவன் சொன்னான். அந்த வீட்டின்மேல் அவனுக்குப் பத்து வருஷமாகக் கண். பெற்ற அப்பனைக் குப்பையில் போடச் சொல்கிற வார்த்தைகளை அவன் கொஞ்சம்கூட நாக்குப் புரளாமல் சொன்னதைக் கேட்டு, எவ்வளவு நேர்த்தியாகக் காய்ந்திருக்கிறான் என்று கூட்டம் மெச்சியது. உள்ளே கட்டிலில் கிடந்தவருக்கும் அது கேட்டது. அஞ்சலாட்சி உள்ளே போனபோது அவர் வலது கையை அசைத்து அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"வுட்டுட்டு வந்துடும்மா" என்று குழறினார். "ஒனக்கு... வூடு நெலைக்கும்."

அவள் அவருடைய வேட்டிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு அது ஆஸ்பத்திரிக்கென்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்தா என் கையால சாவு" என்றாள் அஞ்சலாட்சி. "எவன் வராண்டாவுலயோ போயி எதுக்குச் சாவுற? இத்தன வருசம் கொட்டுன கஞ்சிக்கு நான்தான் பதில் கேக்கணும், டவுனுக்காரனா கேக்கறது?"

முந்திரிக்கொட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அவரைத் தூக்கிப் படுக்கவைத்து, தண்ணீர்ப் பானையை அவர் காலடியில் வைத்தாள். சாவியைக் கொழுந்தன் காலடியில் எறிந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவில் போகும்போது இருபுறமும் நின்ற ஊரை அவள் திட்டக்கூட இல்லை, அதுதான் போகிறவள் ஊருக்குக் கொடுத்த கடைசி அவமானமாக இருந்தது. எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு கிழட்டு முந்திரி மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தினாள். தன் வீட்டுக் கூரை தெரிகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அந்த வீட்டை அவள் கல்லும் மண்ணும் சுமந்து கட்டினாள். நெஞ்சு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள்.

குறித்த நாளில் தலைநகரத்து அதிகாரிகள் வெள்ளைக் கார்களில் வந்து இறங்கினார்கள். முதலில் அவர்கள் பரணிதரனின் வரைபடங்களைப் பார்த்தார்கள், கரி எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு கனத்தில் கிடக்கிறது என்று தலையை ஆட்டினார்கள். பிறகு தலைவர் அவர்களைத் துளைக்கு அழைத்துப் போனார். ஊரே கைகோத்துக்கொண்டு துளையைச் சுற்றி வட்டமாக நின்று ஒரே மூச்சாகக் குனிந்தது. வட்டத்துக்குள் பரணிதரனும் நின்றுகொண்டிருந்ததால், அது என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்கிற அலட்சியத்தோடு அவரும் தலையைச் சாய்த்தார்.

"நெடுங்கொல்லை சராசரி. ஈரம் பூஜ்யம்" என்று துளை சொன்னது. ஊர் கைதட்டியது, காய்ந்த வாகை நெற்றுகள் காற்றில் ஆடுகிற சத்தம் கேட்டது. துளை இன்னும் முடிக்கவில்லை. "கூட ஒருவர் நிற்கிறார். ஊகிக்கப்பட்டது" என்று சொல்லிவிட்டு ஓய்ந்தது. அதற்கப்புறம் அது யாருக்காகவும் பேசவே இல்லை.

பரணிதரன் முகம் சுருங்கியது. அதற்குள் ஒரு வாடை எழுந்தது. அவருக்கு மட்டும் தெரிந்த வாடை. தோண்டியெடுத்த பழுப்பு நிலக்கரியை ஈரம் வற்றக் காயவிட்டுத் திறந்தவெளியில் குவித்துவைத்தால், யாரும் கொள்ளி வைக்காமல் அது தானாகவே புகைந்து பற்றிக்கொள்ளும். அதனால்தான் குவியலின்மேல் ஓயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அவர் தொழிலில் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது இதுதான். அதை இந்த ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சொல்வதற்கு யாராவது இருந்தால் அல்லவா சொல்வது.

முதலில் தனகோட்டியின் உச்சந்தலையிலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது. பிறகு தலைவருக்கு, தரகருக்கு, தலைவரின் பெண்சாதிக்கு. தீ தெரியவில்லை, உள்ளேயே கனன்றது. சட்டையின் பொத்தான்கள் உருகின, பிடித்த கை பிடித்த கையைச் சுட்டது. ஊர் முழுக்கத் திரிகள் நட்டதுபோல் ஆட்கள் நின்று புகைந்தார்கள். வந்த அதிகாரிகள், தரம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே கார்களில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் போய்விட்டார்கள். முகாமிலிருந்து லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சேம்பிலைமேல் விழுந்ததுபோல அது முத்து முத்தாக உருண்டு ஓடிற்று, ஒட்டவே இல்லை. அத்தனை காய்ந்துபோனதை வெறும் தண்ணீர் நனைக்காது. ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிப் பார்த்தார்கள், அது கனலைக் கூட்டியது. அழுதால் அணையுமோ என்று நினைத்தவர்களுக்கு அழ வரவில்லை.

தனகோட்டி ஓடினான். எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல்தான் ஓடினான், ஆனால் அவன் கால்கள் எல்லைக்கல்லை நோக்கித்தான் ஓடின. சின்ன வயதில் தேள் கொட்டினாலும் முள் குத்தினாலும் அவன் ஓடிப்போய் நின்ற இடம் அண்ணி இருக்கிற இடம்தான். அதை அவனே மறந்துவிட்டிருந்தான். தலை புகைய, புருவம் கருக, முந்திரி நிழலில் அவள் முன்னால் போய் விழுந்தான். பேச வாயைத் திறந்தான், புகைதான் வந்தது.

அஞ்சலாட்சி அவனைப் பார்த்தாள். வண்டியில் கிடந்த அப்பனைப் பார்த்தாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்த அருவருப்பு அத்தனையும் அடிவயிற்றிலிருந்து திரண்டு தொண்டைக்கு வந்தது. காறி, அவன் முகத்தில் துப்பினாள்.

"தூ. நீயெல்லாம் ஒரு புள்ள."

எச்சில் விழுந்த இடத்தில் சுர்ரென்றது. நெற்றியில் கனன்றது அணைந்தது, தலையில் புகை நின்றது, தனகோட்டியின் கண்ணில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சொட்டு நீர் துளிர்த்தது. அவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். அழுகிற சத்தம் ஊருக்குக் கேட்டது. ஊர் திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் விஷயம் புரிந்துபோயிற்று, அந்த மட்டுக்கு அதற்குக் கூர்மை உண்டு.

வரிசை கட்டினார்கள். ரேஷன் கடையில்கூட அப்படி ஒழுங்காக நின்றதில்லை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவள் முன்னால் முகத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், அஞ்சலாட்சி ஒவ்வொருவர் முகத்திலும் ஒவ்வொருவருக்குத் தகுந்த சொல்லைச் சொல்லித் துப்பினாள். தண்ணிக்குக் கதவைச் சாத்தினாயே என்று தலைவரின் பெண்சாதி மேல் துப்பினாள். தாலி கட்டினவனுக்கு ஒரு சொட்டு விடாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாயே என்று தையற்காரர் சம்சாரத்தின் மேல் துப்பிவிட்டு, அவள் பெருங்குரலெடுத்து ஒப்பாரி வைத்தபோது முதுகைத் தடவியும் கொடுத்தாள். பெத்ததைப் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிட்டு வந்தவர்களுக்கு இரண்டு முறை துப்பினாள். தலைவர் கலியமூர்த்தி கூச்சத்தோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். துண்டை எடு என்றாள், எடுத்தார், துப்பினாள். அவளுடைய திட்டுக்கு அன்று வந்த மதிப்பு அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சொல்லுக்கும் அந்த ஊரில் வந்ததில்லை. பாதி வரிசைக்குமேல் அவளுக்கு வாய் வறண்டு போனது. அவள் திரும்புவதற்குள், வண்டியில் கிடந்த வைத்திலிங்கம் தன் வலது கையால் பானைக்குள் சொம்பை விட்டு, பாதி சிந்தி, மீதியை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் வாங்கிக் குடித்தாள். இந்தக் கை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று அவரையும் ஒரு பிடி பிடித்தாள். அவர் பாதி உதட்டால் சிரித்தார்.

எல்லோரும் நனைந்து, அழுது, மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது வரிசையின் கடைசியில் பரணிதரன் வந்து நின்றார். அவர் தலையில் புகை இல்லை. உடம்பு சுடவும் இல்லை. ஆனாலும் அவருக்கு அங்கே நிற்க வேண்டும் போலிருந்தது. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் அவள் பார்த்தாள், பேர் சொன்னாள், அவரவர் செய்ததைச் சொன்னாள். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை நீட்டினார்.

"எனக்கும்..." என்றார்.

அஞ்சலாட்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொண்டையைக் காறினாள். வாய் நிறைய எச்சில் சேர்ந்தது. பிறகு அவள், நன்றாக நிதானமாக, அதை விழுங்கினாள்.

"ஒனக்கு எதுக்கு? அணைக்கறதுக்கு உள்ள எதாச்சும் எரிஞ்சாத்தான" என்றாள்.

சொல்லிவிட்டுத் தலைவரிடம் கையை நீட்டினாள். அவர் தனகோட்டியின் இடுப்பிலிருந்து சாவியை உருவி அவள் கையில் வைத்தார். தனகோட்டி தானே போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். பள்ளம் பார்த்துத் தள்ளடா, கிழவனுக்கு முதுகு வலிக்கும் என்றாள் அஞ்சலாட்சி. வண்டி எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் போயிற்று, ஊரும் அதன் பின்னால் போயிற்று. பரணிதரன் முகத்தை நீட்டியபடியே, துடைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல், முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.